ஓயாக்கரையில் மேல்மாடி: அனுமதி கொடுக்கலாமா, கூடாதா?

ஓயாக்கரைக் கடை (தொடங்கியவர்), ஞாயிறு இரவு 8.40

மகாவலியில் போய்ச் சேரும் ஒரு ஓயாவின் (சிற்றாற்றின்) கரையில் எங்கள் சின்ன டவுன். ஊர்ப் பெயர் வேண்டாம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அப்பா காலத்துச் சில்லறைக் கடை, அதோடு ஒட்டிய வீடு, பின்னால் ஒரு ஸ்டோர் அறை. மொத்தம் 9 பேர்ச் காணி. காணி உறுதி கையில் இருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கடைக்குள் தண்ணீர் ஏறியது. சுவரில் மாட்டியிருந்த கலண்டரின் கீழ் விளிம்பு வரை சேற்றுக் கோடு. டேப் வைத்து அளந்தேன், 4 அடி 2 அங்குலம். 14 மூட்டை அரிசி போனது. பருப்பு, சீனியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதனால்தான் மேலே ஒரு மாடி போட்டு, சரக்கையும் பிள்ளைகளையும் ஏற்றிவிடலாம் என்று பிளான் கொடுத்தேன். பிரதேச சபையில் திருப்பிவிட்டார்கள். காணியில் பாதிக்கு மேல் ஓயாவின் ஒதுக்குப் பகுதிக்குள் வருகிறதாம், புதிதாக எதுவும் கட்டக் கூடாதாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேடு இருப்பதால் மண்சரிவுக்கு என்.பி.ஆர்.ஓ. (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) அறிக்கையும் வேண்டுமாம். வெள்ளம் வந்தால் ஏறி நிற்கத்தான் மாடி கேட்கிறேன். வெள்ளம் வருகிற இடம், ஆகவே மாடி கிடையாது என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

ஹட்டன் குளிர், 8.52

மாடி கட்டினால் அரிசி தப்பும் அண்ணே. கீழே கடையே போய்விட்டால் மாடி எதன் மேல் நிற்கும்?

மழைமானி, 9.15

ஹட்டன் குளிர் பகிடியாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். நான் புவியியல் படித்தவள், இந்த அறிக்கை வேலைகளோடு கொஞ்சம் பழக்கம் உண்டு. சபை செய்தது சரி என்பது என் பக்கம்.

களனி கங்கை வெள்ளம் வேறு, நம் ஓயா வெள்ளம் வேறு. அங்கே தண்ணீர் மெதுவாக ஏறும், நாள்கணக்கில் நிற்கும், அப்புறம் வடியும். கீழ்மாடியைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு மேல்மாடியில் இருந்து சமாளித்தவர்கள் அங்கே நிறையப் பேர். நம் பக்கம் மேலே மலையில் கொட்டினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கீழே டவுனுக்குள் நிற்கும். வருவது தண்ணீர் மட்டுமா? கல், வேரோடு மரம், சேறு எல்லாம் சேர்ந்து வரும். அது சுவரை நனைப்பதில்லை, இடிக்கிறது. போதாததற்கு அத்திவாரத்துக்குக் கீழே உள்ள மண்ணை அரித்துக்கொண்டு போகும். அப்பா காலத்து அத்திவாரம் ஒரு மாடிக்குப் போட்டது. அதன் மேல் இன்னொரு மாடியின் கனத்தை ஏற்றிவிட்டு, "வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறீர்களா? மாடி இல்லாவிட்டால் ரோட்டைத் தாண்டி ஓடுவார்கள். மாடி இருந்தால் உள்ளே நிற்பார்கள். எனக்குப் பயம் அதில்தான்.

டித்வாவில் நாட்டில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும் பங்கு கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள். இதற்குப் பிறகும் சபை கண்ணை மூடிக்கொண்டு பிளான் பாஸ் பண்ண வேண்டும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓயாக்கரைக் கடை, 9.31

நல்ல விளக்கம், நன்றி. அப்படியென்றால் என் கடையிலிருந்து அரை மைல் மேலே, அதே ஓயாவை ஒட்டி, 3 மாடி ஹோட்டல் எப்படி எழும்பியது? அவர்களுக்கு எந்த ஓயா? எனக்கு மட்டும் 9 பேர்ச்சில் பாதி ஒதுக்குப் பகுதி, அவர்களுக்கு நீச்சல் குளம்.

மண்சரிவு மேப்பைக் காட்டுகிறார்கள், எங்கள் தெரு முழுக்க ஒரே நிறம். பள்ளிக்கூடத்து மேடும் அதே நிறம், என் கடை நிற்கும் பள்ளமும் அதே நிறம். கண் இருக்கிறவன் போட்ட மேப்பா இது?

கம்பளை வாசி, 9.48

கடைக்கார நானா, உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் விதியே வேண்டாம் என்கிற மாதிரிப் பேச வேண்டாம். விதி இருந்தும் யாரும் பார்க்காததால் என் வீட்டுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். நாலு வருஷத்துக்கு முன் ஒருவர் அதில் ஒரு துண்டை வாங்கி, டிப்பர் டிப்பராக மண் கொட்டி, எங்கள் மதில் உயரத்துக்கு நிரப்பி வீடு கட்டினார். வயலை நிரப்ப கமநலக் காரியாலயத்தில் அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. வாப்பா போய்ச் சொன்னார். "பார்க்கிறோம்" என்றார்கள். பார்த்தார்களோ என்னவோ, வீடு எழும்பியது.

நவம்பர் மழையில் மகாவலி ஏறியபோது அந்த வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. அங்கே போக வேண்டிய தண்ணீர் எங்கள் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்கு நின்றது. அதற்கு முந்திய வெள்ளங்களில் படியோடு நின்றுவிடும். உம்மாவின் தையல் மெஷின் இன்னும் மண்ணோடு கிடக்கிறது. தன் காணியில் தான் கட்டுகிறேன், உனக்கென்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

ரசமட்டம், 10.05

நான் மேசன். 26 வருஷமாக இந்த மலையில் வீடு கட்டுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக வரும்.

மழைமானி அக்கா சொல்வது சரி, ஆனால் காகிதம் ஒரு பக்கம், காணி ஒரு பக்கம். நம் ஆட்கள் சரிவில் வீடு கட்டுகிற முறையைப் பாருங்கள். மலையைச் செங்குத்தாக வெட்டுவார்கள். வெட்டின மண்ணைத் தூக்கிக்கொண்டு போகக் காசு, அதனால் முன்பக்கமே தள்ளி மட்டம் பண்ணுவார்கள். அப்போது வீட்டின் பாதி கன்னி மண்ணில், பாதி கொட்டின மண்ணில். ரெண்டு மாரி போனால் கொட்டின மண் அமுங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு ஓடும். அதைப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மூடிவிட்டு மகளுக்குக் கல்யாணம் வைப்பார்கள். அடுத்த மாரிக்கு அதே இடத்தில் வெடிக்கும்.

அப்புறம் பின் சுவர். தாங்கு சுவர் கட்டும்போது 3 அங்குலப் பி.வி.சி. குழாயைத் துண்டு துண்டாக வைத்து, பின்னால் சல்லி போடச் சொல்வேன், மண்ணுக்குள் ஊறின தண்ணீர் வெளியே வரட்டும் என்று. "சுவர் அசிங்கமாகப் போகும் பாஸ், அழுக்குத் தண்ணி வடியும்" என்பார்கள். வடியாத தண்ணீர் சுவரைத் தள்ளும். நான் கட்டாமல் விட்டுவிட்டு வந்த சுவர்கள் உண்டு, காசுக்காகக் கட்டிக் கொடுத்த சுவர்களும் உண்டு. மறைக்கவில்லை.

பிளான் பாஸ் ஆன வீடுகளிலும் இதே கதைதான். சபையின் தொழில்நுட்ப அதிகாரி, அதுதான் டி.ஓ. மாத்தயா, வீதிக் கோட்டை அளப்பார், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் தூரம் பார்ப்பார். குழாய்த் துண்டு வைத்தார்களா என்று சுவர் எழும்பும் நாளில் வந்து பார்த்த ஆளை நான் கண்டதில்லை. கடைக்கார அண்ணே, உங்கள் கடையின் பின்பக்கப் படம் ஒன்று போடுங்கள், ஓயாப் பக்கமிருந்து எடுத்தது.

பணியக்கணக்கு, 10.22

எல்லாரும் உறுதி உள்ள காணியைப் பற்றியே பேசுகிறீர்கள். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) எந்தச் சபை பிளான் பாஸ் பண்ணியது? 10 காம்பரா (ஒற்றை அறை வீடு), ஒரு தகரக் கூரை, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கூரைக்கு மேலே 8ஆம் நம்பர் மலை. தோட்டங்களுக்குள் பிரதேச சபை ஒரு கானைக்கூட (வடிகாலைக்கூட) வெட்ட முடியாது என்றுதான் 1987ஆம் ஆண்டுச் சட்டம் நெடுநாள் இருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். அதுவரை நாங்கள் வரைபடத்திலேயே இல்லாத ஆட்கள்.

இப்போது திடீரென்று மண்சரிவு வரைபடத்தில் வந்துவிட்டோம், சிவப்பு நிறத்தில். வந்து பார்த்தார்கள், அபாயம் என்றார்கள், போகச் சொன்னார்கள். எங்கே போக? காணி அரசாங்கத்தோடது, குத்தகை கம்பனியோடது, நமக்கு உள்ளது பிரட்டு (அன்றன்றைய வேலைக்குப் பெயர் கொடுப்பது) மட்டும். இஸ்தோப்பை ஒரு முழம் நீட்டிக் கட்டவே ஆபீசில் கடிதம் வாங்க வேண்டும். கடைக்காரருக்கு "இங்கே கட்டாதே" என்று ஒரு விதி. எங்களுக்கு "இங்கே இருக்காதே" என்று ஒரு விதி. எங்கே இருக்கலாம் என்று சொல்லும் விதியை யாராவது கண்டீர்களா?

மழைமானி, 10.41

தம்பி, கோபம் நியாயம். ஆனால் அந்தச் சிவப்பு நிறத்தைக் கேலி பண்ண வேண்டாம். கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், லயங்கள் மேல் மலை வந்து விழுந்தது. அந்த இடம் ஆபத்து, மக்களை எடுங்கள் என்று 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தார்கள். சொன்னது நடக்கவில்லை. விதியைத் தளர்த்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பணியக்கணக்கு, 10.50

அக்கா, நீங்கள் எனக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறீர்கள். 2005இல் சொன்னார்கள், சரி. யாரிடம் சொன்னார்கள்? மாற்றுக் காணி எத்தனை பேர்ச் கொடுத்தார்கள்? போகச் சொல்வது வாய்வார்த்தை, போக வைப்பதற்குக் காணி வேண்டும். சரிவு நடந்த பிறகும் உயிர் தப்பினவர்கள் பழைய தேயிலை ஸ்டோரில் சாக்குத் தடுப்புப் போட்டு இருந்தார்கள். புது வீடு கையில் கிடைக்க 2016 ஆனது. இரண்டு வருஷம். அதைப் பார்த்தவன் அடுத்த முறை "வெளியேறு" என்றால் யோசிப்பானா, மாட்டானா? எங்கள் லயத்தில் டித்வா நேரத்தில் கிழவர்கள் கோயில் மண்டபத்துக்கு வர மறுத்ததற்குக் காரணம் முட்டாள்தனம் அல்ல. போனால் காம்பரா பறிபோகும் என்ற பயம்.

ஹட்டன் குளிர், 10.58

இதில் மட்டும் எனக்குப் பகிடி வரவில்லை.

மழைமானி, 11.20

பணியக்கணக்கு சொன்னதில் ஒன்றை நான் ஏற்கிறேன். அறிக்கை எழுதுபவரின் வேலை "கட்டலாம், கட்டக் கூடாது, இன்ன நிபந்தனையோடு கட்டலாம்" என்பதோடு முடிகிறது. காணி கொடுப்பது வேறு கந்தோர், காசு கொடுப்பது வேறு கந்தோர்.

கடைக்காரரின் மேப் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மண்சரிவு வரைபடங்களில் 1:50,000 ஒன்று, 1:10,000 ஒன்று இருக்கின்றன. தோட்ட வீட்டுத் திட்டத்தில் கொடுத்த 7 பேர்ச்சை எடுங்கள். சதுரமாக வைத்தால் பக்கம் ஏறக்குறைய 13 மீற்றர். 1:10,000 படத்தில் அது ஒன்றேகால் மில்லிமீற்றர். மற்றதில் கால் மில்லிமீற்றர், பென்சில் கூரை வைத்தாலே காணி மறைந்துவிடும். ஆகவே நிறத்தை வைத்து ஒரு வீட்டின் தலையெழுத்தை எழுத முடியாது. அதற்காகத்தான் ஆள் வந்து காணியைப் பார்த்து அறிக்கை கொடுக்கும் முறை இருக்கிறது. 2011இலிருந்து மலை மாவட்டங்களில் பிளானோடு அதைக் கேட்கிறார்கள். அண்ணே, நிறத்தைப் பார்த்துக் கோபிக்காமல் அந்த அறிக்கைக்கு விண்ணப்பம் போடுங்கள். அதனால் மாடி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஓயா ஒதுக்கு வேறு விஷயம்.

பணியக்கணக்கு, 11.34

ஆள் வந்து பார்த்தாரே, எங்கள் தோட்டத்திலும் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "உங்கள் பீலி (ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்) எங்கே? கோடையிலும் வற்றாதா?" வற்றாது என்று பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். மலைச் சரிவில் நடுவே கொஞ்சம் சப்பையான இடம், எப்போதும் தண்ணீர் இருக்கும் இடம் என்றால், அது முன்னொரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து நின்ற மண்ணாக இருக்கலாம் என்றார். லயம் கட்டினவனும் அதைப் பார்த்துத்தானே கட்டியிருப்பான்: மட்டமான இடம், தண்ணீர் பக்கத்தில். நாலு தலைமுறை குடம் பிடித்த பீலி. அன்றைக்கு அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த மலையைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

இன்னொன்று. அப்பா கான் வெட்டுகிற ஆள். மலைக்குக் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே குழி விட்டு, மழைத் தண்ணீரை ஓரமாக ஆற்றுக்கு இறக்குவது ஒரு வேலை. வருஷா வருஷம் மண் அள்ளுவார்கள். இப்போது ஆள் இல்லை, 8ஆம் நம்பர் மலையில் பாதி காடேறிக் கிடக்கிறது, கான் மூடிக்கொண்டது. தண்ணீர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்குகிறது. என் காம்பராவுக்கு அறிக்கை கேட்கிறீர்களே, மேலே அந்தக் கானுக்கு யார் அறிக்கை கேட்பது? கடைக்காரரின் ஓயாவில் வந்த சேறு எங்கே இருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

மழைமானி, 11.47

மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலிருந்து இருக்கிறது, கான் கட்டாயம் என்று சொல்ல அதிலேயே இடம் உண்டு. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது, தெரியும். சபையின் கட்டட அனுமதி ஒரு காணியின் நாலு எல்லைக்குள் மட்டும் பார்க்கிறது. தண்ணீர் எல்லைக் கல்லைப் பார்த்து வருவதில்லை.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேற வேண்டும். இதுதான் என்.பி.ஆர்.ஓ. கணக்கு. ஒரு மணி நேரத்திலேயே 75 விழுந்தாலும் வெளியேற வேண்டும். நேர்ச் சுவருள்ள பால்மா டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, காலையில் ஸ்கூல் ரூளரை விடுங்கள். 15 சென்ரிமீற்றர் தொட்டால் காம்பராவை யார் எடுப்பார் என்று யோசிக்க வேண்டாம்.

கம்பளை வாசி, திங்கள் காலை 6.10

டின் நல்ல யோசனை. ஆனால் டின் நிரம்புகிற நேரம் ராத்திரி 2 மணியாக இருந்தால்?

மழைமானி, 6.32

அதனால்தான் மாலையில் 100 தாண்டியதுமே படுக்கையை வேறு இடத்தில் போடச் சொல்கிறேன்.

ஓயாக்கரைக் கடை, 7.15

ராத்திரி எல்லாம் வாசித்தேன். மேசன் பாஸ் கேட்ட படம் போட்டிருக்கிறேன். ஓயாவுக்குள் இறங்கி எடுத்தது. இப்போது தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான்.

ரசமட்டம், 7.40

படம் பார்த்தேன். ஒரு கேள்வி அண்ணே. அந்த ஸ்டோர் அறை கரையில் இல்லையே, ஓயாவுக்குள் தூண் போட்டல்லவா நிற்கிறது? அதற்குப் பிளான் இருக்கிறதா?

ஓயாக்கரைக் கடை, 8.25

இல்லை. 1998இல் அப்பா போட்டது. அப்போது யாரும் கேட்கவில்லை.

ரசமட்டம், 8.33

கோபிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். அந்தத் தூண்களில் ஒரு மரம் குறுக்கே மாட்டினால் போதும், பின்னால் கொப்பும் குப்பையும் சேர்ந்து அணை மாதிரி ஆகிவிடும். தண்ணீர் பின்வாங்கிப் பக்கத்துக் கடைகளுக்குள்தான் ஏறும். நவம்பரில் உங்களுக்கு மேல்பக்கத்துக் கடையில் தண்ணீர் எவ்வளவு நின்றது?

ஓயாக்கரைக் கடை, 9.02

மேல்பக்கம் சலூன் தம்பியின் கடை. அவனுக்குக் கண்ணாடிக்கு மேலே ஏறியது. என்னைவிட ஒரு அடி கூடுதல். அவன் இடம் பள்ளம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பளை வாசி, 9.10

நானா…

ஓயாக்கரைக் கடை, 9.26

தெரிகிறது தங்கச்சி. நேற்று நீங்கள் அந்த வயல் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியபோது நான் லைக் போட்டேன்.

ஆனாலும் ஹோட்டல் கேள்வியை நான் விடவில்லை. ஸ்டோரை உடைக்கிறேன், அதற்காக மேலே 3 மாடி நியாயமாகிவிடாது. மாடி இல்லையென்றால் என் பிள்ளைகளுக்கு எங்கே இடம் என்பதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. பணியக்கணக்குத் தம்பி கேட்டதும் அதேதான்.

பணியக்கணக்கு, 9.35

நமக்குள் அது ஒன்றாவது ஒன்றாக இருக்கிறதே.

மழைமானி, 9.50

உடைப்பதற்கு முன் சபைக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கக் கட்டடத்துக்கு ஒதுக்கு எப்படி அளந்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், 2017 பெப்ரவரியிலிருந்து அந்த வழி இருக்கிறது. ஸ்டோர் இருக்கும்போது அதைக் கேட்டால் உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். இல்லாதபோது கேளுங்கள்.

ரசமட்டம், 10.04

சனிக்கிழமை வருகிறேன், கூலி வேண்டாம், சாப்பாடு போதும். தூண் எத்தனை?

ஓயாக்கரைக் கடை, 10.11

ஆறு. நடுத் தூணில் நவம்பரில் வந்த சவுக்குக் கட்டை ஒன்று இன்னும் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. வாள் கொண்டு வாருங்கள்.